முற்றைத் தேடுங்கள்

அன்புள்ள ஐயா,

தேர்வுக்கு ஆங்கில இலக்கணம் படிக்கிறேன். ஃப்ரேஸ் (phrase), க்ளாஸ் (clause) இரண்டும் குழப்புகின்றன. ‘முழுப் பொருள் தந்தால் க்ளாஸ், தராவிட்டால் ஃப்ரேஸ்’ என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ‘பிகாஸ் இட் ரெயின்ட்’ முழுப் பொருள் தரவில்லையே, அது எப்படி க்ளாஸ்? இலக்கணம் தெரியாமல் ஆங்கிலம் பேச முடியாதா?

ம.

அன்புள்ள ம.,

பேசலாம், தாராளமாக. அதை விடுங்கள். குறிப்பேட்டில் அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். அதன்மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்ததே நல்லது.

பொருளைத் தேடாதீர்கள், முற்றைத் தேடுங்கள். எழுவாயும் அதன் வினைமுற்றும் இருந்தால் க்ளாஸ். இல்லையென்றால் பத்துச் சொல் நீண்டாலும் ஃப்ரேஸ்தான். ‘பிகாஸ் ஆஃப் த ரெயின்’ என்பதில் வினையே இல்லை. ‘பிகாஸ் இட் ரெயின்ட்’ என்பதில் ‘இட்’ எழுவாய், ‘ரெயின்ட்’ முற்று. தனித்து நிற்காது, அவ்வளவுதான். அது சார்பு க்ளாஸ். முற்றா என்று ஐயம் வந்தால் காலத்தை மாற்றுங்கள். ‘ஹீ வாக்ஸ்’ நேற்றைக்கு ‘ஹீ வாக்ட்’ ஆகிவிடும். ‘டு வாக்’ எந்தக் காலத்துக்கும் அசையாது.

நாம் சறுக்குவது வேறோர் இடத்தில். மனசுக்குள் தமிழாக்கிப் பார்க்கிறோம். ‘ஆஃப்டர் ஹீ லெஃப்ட்’ என்றால் ‘அவன் போன பிறகு’. ‘லெஃப்ட்’ முற்று, ‘போன’ முற்றுப்பெறாத பெயரெச்சம்! ‘இஃப் ஹீ கம்ஸ்’ என்றால் ‘அவன் வந்தால்’, இதுவும் எச்சம். தமிழ் எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே முற்றில் முடித்துவிடும் (‘என்று’ வரும் வாக்கியங்கள் வேறு கதை). ஆங்கிலம் இங்கெல்லாம் கிளைக்கொரு முற்று கேட்கும். அதனால் தமிழாக்கியதும் க்ளாஸ் ஃப்ரேஸ் வேடம் போட்டுக்கொள்கிறது. தொல்காப்பியத்தின் வினையியலே முற்றையும் எச்சத்தையும் பேசுகிறது. முற்றும் எச்சமும் பள்ளியில் படித்தவர்தானே நீங்கள்? ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் அதை ஏன் மூட்டை கட்டி வைத்தீர்கள்?

‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ போன்ற சொற்கள் ஃப்ரேஸ், க்ளாஸ் இரண்டுக்கும் முன்னால் வரும். முதல் சொல்லை நம்பாதீர்கள். ‘ஸிட் டவுன்’ க்ளாஸ்தான், எழுவாயான ‘யூ’ மறைந்திருக்கிறது.

‘த மேன் ஸிட்டிங் நியர் த டோர்’ முழுக்க ஃப்ரேஸ். நடுவே ‘ஹூ இஸ்’ சேருங்கள்: ‘ஹூ’ எழுவாய், ‘இஸ்’ முற்று, உள்ளே ஒரு க்ளாஸ் வந்துவிட்டது. பொருள் இம்மியும் மாறவில்லை, பார்த்தீர்களா? ‘ஸிட்டிங்’ வகையையும் க்ளாஸ் என்றே கொள்ளும் இலக்கணங்கள் உண்டு. 1985இல் மொழியறிஞர் ரண்டால்ஃப் குவர்க் குழுவினர் எழுதிய ஆங்கில இலக்கணம் அப்படித்தான். தேர்வில் ஃப்ரேஸ் என்றே எழுதுங்கள்.