வட்டிக்கணக்கு யாருடையது, விலை கொடுத்தது யார்?

கேள்வி: பர்மாவில் செட்டியார்கள் வட்டிக்கு விட்டு விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டதால்தான் இந்திய வணிகர்களைத் துரத்தினார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

1930-ல் நெல் விலை படுத்துவிட்டது. கடன் வாங்கியிருந்த கீழ்ப் பர்மா விவசாயிகளால் வட்டியும் கட்ட முடியவில்லை, அசலும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த வயல்கள் கைமாறின. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம்தான், வயல் இல்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் தன் பாட்டன் காடழித்துத் திருத்திய நிலத்திலேயே குத்தகைக்கு நிற்கிறவனுக்கு அந்தச் சமாதானம் எதற்கு?

சரி, மிச்சப் பாதிக்கு வருகிறேன். நிலத்தை நாட்டுடைமையாக்க 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகளும் அரசுடைமையாகிப் போயின. வட்டித்தொழிலின் காலம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு, 1964 மார்ச் 19 அன்று ரங்கூனிலும் அடுத்த சில வாரங்களில் மற்ற ஊர்களிலும் பறிக்கப்பட்ட கடைகள் யாருடையவை?

எங்கள் தாத்தாவுடையது அதில் ஒன்று. அவர் செட்டியார் இல்லை. ராமநாதபுரம் பக்கமிருந்து போய் பெகுவில் பலசரக்குக் கடை வைத்தவர். ஒரு குழி வயல் அவர் பேரில் கிடையாது. காலையில் வந்தவர்கள் பருப்பு, எண்ணெய், சோப்பு என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொண்டார்கள், தராசையும் படிக்கற்களையும்கூட. கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அது நம்பர் போட்ட ‘மக்கள் கடை’, அதாவது அரசுக் கடை, ஆகிவிட்டது. மே 17-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. பெட்டியில் இருந்ததும் போயிற்று.

கடைகளை அரசுடைமையாக்கிய சட்டத்தில் ‘இந்தியன்’ என்ற வார்த்தை இல்லை, பர்மியர் கடைகளும் போயின என்று சிலர் வாதிடுவார்கள். போனது உண்மைதான். ஆனால் கடைத்தெருவில் பெரும்பாலும் இந்தியரும் சீனரும்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஆட்சிக்குத் தெரியாதா? கடை போன பர்மியருக்கு ஊராவது மிஞ்சியது. நம்மவர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். துறைமுகச் சோதனையில் அப்பத்தாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். பல வருடமாகக் கழற்றாதது, திருகு இறுகியிருந்தது. கழற்றும்போது ரத்தம் வந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சென்னை வந்தவர்களில் பலர் பாரிமுனையில் தெருவோரம் கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார்.

கடைகள் கைமாறியதால் பர்மியர்களுக்காவது நன்மை வந்ததா? 1967-ல் நெல் விளைகிற அந்த நாட்டிலேயே அரிசிக்குத் தட்டுப்பாடு. அந்த ஜூன் மாதம் ரங்கூனில் சீனர்களைத் தாக்கினார்கள், அவர்கள் கடைகளைச் சூறையாடினார்கள். இந்தியர்கள் போன பிறகும் கோபத்துக்கு இன்னொரு கடைக்காரன் தேவைப்பட்டான்.

பர்மியர்கள்மேல் எனக்கு வெறுப்பு இல்லை, தாத்தாவுக்கும் இருந்ததில்லை. அவர் கொண்டுவந்த கடன் நோட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. காகிதம்தானே என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய எல்லாம் பர்மியப் பெயர்கள். ஒரு பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருக்கும். தாத்தா ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின இரவு அந்தப் பெயருக்குரிய பெண் பாக்கியைக் கொடுக்க வந்திருக்கிறாள். கப்பலில் காசு கொண்டுபோக முடியாதம்மா, வேண்டாம் என்றிருக்கிறார் தாத்தா. அவள் வீட்டுக்குப் போய், காய்ந்த இறாலைப் பூண்டோடு வறுத்து ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தாளாம். சென்னை வந்து சேரும்வரை சோற்றுக்கு அதுதான்.