கடல் சங்கு, சிப்பி பிடிக்கிறதுல மத்த நாடுகளைவிட இந்தியா ஏன் இவ்ளோ கீழ இருக்கு?

தூத்துக்குடிக்காரனா இருந்துட்டு இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா போக முடியல. ஏதோ நாடுவாரி பட்டியல பாத்துட்டு நம்மாளுங்களுக்கு கடல் தொழிலே தெரியலன்னு முடிவு கட்டிட்டீங்க போல.

முதல்ல அந்த டன் கணக்க பாருங்க. ஐநா உணவு வேளாண்மை அமைப்பு போடுறது ஓட்டோட சேர்ந்த எடை. ஆனா கரீபியன் பக்கம் குயின் காங்க் சங்க கடல்லயே உடைச்சு சதைய மட்டும்தான் கரைக்கு கொண்டு வராங்க, அதுலயும் பாதி சுத்தம் பண்ணது, முழுசா சுத்தம் பண்ணதுன்னு ரகம் வேற. அத ஓட்டு எடைக்கு மாத்த எந்த எண்ணால பெருக்குறாங்களோ அதுக்கேத்த மாதிரி ஒரு நாடு மேல ஏறும், கீழ இறங்கும். சீனாவோட மட்டி, சிப்பியில பெரும்பகுதி வளர்ப்பு, அத கடல்ல பிடிக்கிறதோட கலக்காதீங்க.

எங்க அப்பா சங்கு குளிக்கப் போனவர். அவர் காலத்துல சங்க தராசுல யார் வச்சா? எண்ணி, குறுக்களவு பாத்து ரகம் பிரிச்சுதான் விலை. வட்டமா துளை போட்ட பலகை இருக்கும், அதுக்குள்ள விழுந்துட்டா சின்னது, திரும்ப கடலுக்கே போகணும். ஓடு வளையல் அறுக்க வங்காளத்துக்கு, சதை எங்க வீட்டு குழம்புக்கு. சதைய எடுக்க கம்பிக் கொக்கிய ஓட்டுக்குள்ள விட்டு சுருள் போற பக்கமே மணிக்கட்ட திருப்பி இழுக்கணும், நேரா இழுத்தா பாதியில அறுந்துடும். அந்தக் குழம்பு எந்த டன்ல வந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம். மீன்வளம் படிச்சவங்க சண்டைக்கு வராதீங்க, இப்ப நல்லாவே கணக்கு எடுக்குறாங்கன்னு எனக்கும் தெரியும்.

அப்புறம், அதிகமா பிடிச்சா கெட்டிக்காரன்னு அர்த்தமும் இல்ல. சிலி 1980ல லோகோன்னு ஒரு நத்தைய கிட்டத்தட்ட 25,000 டன் அள்ளுச்சு, 1989ல இருந்து 1992 வரைக்கும் மீன்பிடியவே மூட வேண்டியதாப் போச்சு. பல்கேரியா, துருக்கியில கதை தலைகீழ், ஜப்பான் பக்கத்து ரபானா நத்தை 1940கள்ல கருங்கடலுக்குள்ள புகுந்து அங்க இருந்த சிப்பிய பெருமளவு தின்னு தீர்த்துச்சு, இப்ப அதையே பிடிச்சு ஜப்பானுக்கே விக்கிறாங்க. நம்ம பக்கம் கொல்லம் அஷ்டமுடிக் காயல் மட்டிக்கு 2014ல எம்எஸ்சி சான்றிதழ், அதாவது வளம் அழியாம பிடிக்கிறாங்கன்னு குடுக்குற சர்வதேச முத்திரை, கெடச்சுது, இந்தியாவுல அதான் முதல். இத எந்தப் பட்டியல்ல காட்டுவாங்க?

சங்குன்னதும் ஞாபகம் வருது, இந்த ஆன்லைன் வலம்புரி வியாபாரம். ஆபீஸ்ல ஒரு அண்ணன் கொள்ளைக் காசு குடுத்து ஒண்ணு வாங்கி, நீ தூத்துக்குடிதானே பாத்து சொல்லுன்னு நீட்டுனாரு. அது அமெரிக்காவுல கெடைக்கிற லைட்னிங் வெல்க், அந்த இனமே வலம்புரி மாதிரிதான் சுத்தும். நிஜ சங்குக்கு வாய்க்குள்ள, நடுத்தண்டுல மூணு நாலு வரி மடிப்பு இருக்கும், இதுல விரல விட்டா வழுவழுன்னு போகுது. சொன்னேன், அண்ணனுக்கு என் மேலதான் கோபம்.