புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின்: அப்பா பயமில்லாமல் சாப்பிடலாமா?

மயூர் விஹாரில் உங்களோடு இருக்கும் 68 வயது அப்பாவுக்கு யூராலஜிஸ்ட் டாம்சுலோசின் 0.4 மி.கி. எழுதியிருக்கிறார், பக்கவிளைவுக்குப் பயந்து அவர் தொடமாட்டேன் என்கிறார், பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொண்டிருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆர்.கே.புரத்தில் இருக்கிறேன், அதே காப்ஸ்யூலைச் சில வருஷமாக விழுங்கி வருகிறேன். தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்த மருந்தைவிட, அதோடு வந்து சேரும் மற்ற மருந்துகளில்தான் கவனம் வேண்டும்.

டாம்சுலோசின், வீங்கிய புரோஸ்டேட் சுரப்பியைச் சுருக்காது. புரோஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் இருக்கும் தசையைத் தளர்த்தும். அதனால்தான் சில நாட்களிலேயே பலன் தெரிய ஆரம்பிக்கிறது. இரத்தக் குழாய்களும் கொஞ்சம் தளர்வதால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், அதுவும் ஆரம்ப நாட்களில். டெல்லி ஜனவரியில் ரஜாயை (கனத்த போர்வையை) உதறிவிட்டு இருட்டில் பாத்ரூமுக்கு ஓடுவது வயசாளிகளுக்கு ஆகாது. கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் எழட்டும். தினமும் ஒரு குறிப்பிட்ட வேளைச் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்துப் போட வேண்டும், காப்ஸ்யூலை மெல்லவோ உடைக்கவோ கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து வேகமாக இரத்தத்தில் ஏறும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்த டாக்டருக்கும் தெரியட்டும். சில நாள் விட்டுப்போனால் தானாகத் திரும்ப ஆரம்பிக்காமல் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

வீட்டில் யாரும் பேசாத ஒன்று: விந்து குறையலாம், வராமலே போகலாம். ஆபத்தில்லை, நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் மாதிரி ஏதாவது கடையில் ரகசியமாக வாங்கிச் சேர்த்தால் இரத்த அழுத்தம் கீழே போய்விடும்.

இப்போது சளி மாத்திரைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் எரிச்சலான விஷயம் இது. குளிர்காலத்தில் மூக்கடைப்பு என்றால் கெமிஸ்ட் எடுத்துத் தருகிற மாத்திரைப் பட்டையில் பாரசிட்டமாலோடு பெரும்பாலும் ஃபினைலெஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் இருக்கும். ஃபினைலெஃப்ரின், டாம்சுலோசின் தளர்த்திய அதே தசையை இறுக்கும். குளோர்ஃபெனிரமின், சிறுநீர்ப்பை சுருங்கிச் சிறுநீரை வெளியே தள்ளும் வேகத்தைக் குறைக்கும். மலை மந்திர் கோயிலில் அடிக்கடி பார்க்கும் நண்பர் ஒருவர் அப்படி ஒரு பட்டையை முடித்துவிட்டு, சொட்டுச் சிறுநீர் வராமல் துடித்து, நள்ளிரவில் எமர்ஜென்சியில் சிறுநீரை வடிக்கும் கேதீட்டர் குழாய் போட்டுக்கொண்டார். பட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். நீராவி பிடிப்பதும் உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்தும் போதாதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கண்புரை ஆபரேஷன் வரப்போகிறதா? கண் டாக்டரிடம் முதல் வார்த்தையாக டாம்சுலோசினைச் சொல்லுங்கள். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் கருவிழிப் படலம் (ஐரிஸ்) அறுவையின்போது தொளதொளவென்று ஆகக்கூடும், கண்ணின் பாப்பா சரியாக விரியாது. முன்னரே தெரிந்தால் சர்ஜன் அதற்குத் தயாராக இருப்பார். சில நாள் முன்பு நிறுத்திவிட்டால் போதும் என்று நம்ப வேண்டாம், முன்பு எப்போதோ சாப்பிட்டு விட்டிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னால் டியூட்டாஸ்டெரைடும் சேர்ந்த காப்ஸ்யூலுக்கு மாற்றினால் கணக்கு வேறு. அதுதான் சுரப்பியைச் சுருக்கும், ஆனால் பலன் தெரிய 6 மாதம் போல ஆகும். புரோஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க உதவும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. அளவு சுமார் பாதியாக இறங்கிவிடும், விஷயம் தெரியாத ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிடுவார். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் உடைந்த காப்ஸ்யூலைத் தொடவே கூடாது. மருந்து சாப்பிடுகிறவர் ரத்த தானமும் செய்யக் கூடாது, நிறுத்திய பிறகும் 6 மாதம்.

சிறுநீரில் ரத்தம், குளிர்ஜுரம், திடீரென்று அடைத்துக்கொள்வது: இவற்றில் எதற்கும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

பழைய சீட்டைக் காட்டினால் கடைக்காரர் கொடுத்துவிடுவார், அது தெரிந்ததே. ஆனால் சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது ஸ்கேனில்தான் தெரியும். மிச்சம் ஏறிக்கொண்டே போனால் சிறுநீரகம் வரை பாதிக்கும், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் சொன்ன தேதிக்கு அழைத்துப் போங்கள், தேதி சொல்லவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.