கோபுரமும் காம்பவுண்டும்

ஐயா, வணக்கம்.

ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து சோல்ஃபெராயின் நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்த்து வந்தேன். 1986-ல் மூடியதை அருங்காட்சியகமாக்கி, யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். நம் தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் நிலக்கரி ஊர்களான டண்டீ, நியூகாசில் பக்கம் எதுவும் இல்லையே? ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பின மக்களின் குடியிருப்பான சொவெட்டோவில், மூடிய ஓர்லாண்டோ அனல்மின் நிலையக் கோபுரங்களுக்கு வண்ணம் பூசியதோடு சரி. கரிப்புகை மேல் பெயின்ட் அடிப்பதுதான் கலையா?

ர., லேடிஸ்மித்

அன்புள்ள ர.,

எதுவும் இல்லை என்று சொல்லாதீர்கள். டண்டீயில் தலானா அருங்காட்சியகத்தில் நிலக்கரிக்கும் இடம் உண்டு. அங்கே போயர் போரைப் (பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்தது) பற்றிய பகுதியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்.

ஓர்லாண்டோ ஓவியங்கள் எனக்குப் பிடிக்கும். அந்த நிலையம் ஜோஹன்னஸ்பர்க்குக்கு மின்சாரம் கொடுத்தது. பக்கத்திலேயே இருந்த சொவெட்டோவின் வீடுகள் வெகுகாலம் கரியடுப்போடு கிடந்தன. புகையைத் தின்றவர்களின் தெருவை அதே சுவரில் வரைந்தது நியாயம்தான். இன்னொரு கோபுரத்தை விளம்பரத்துக்கு விட்டது வேறு கதை.

சோல்ஃபெராயினில் 1932-ல் இயங்கத் தொடங்கிய பன்னிரண்டாம் சுரங்கம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாம் அண்ணாந்து பார்ப்பது இயந்திரத்தை. நேட்டாலில் காப்பாற்ற வேண்டியது, என்னைக் கேட்டால், காம்பவுண்டு, அதாவது சுரங்கக் கம்பெனி தன் தொழிலாளர்களைத் தங்கவைத்த குடியிருப்பு.

1913 அக்டோபரில் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த இந்தியப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், நியூகாசிலின் இந்தியச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். கூலி ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய இந்தியர்கள் மீது போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலை நின்றது. எல்லை தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தவர்களைப் பிடித்து ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அத்தனை பேரை எங்கே அடைப்பது? காம்பவுண்டுகளையே சிறையின் கிளைகளாக அறிவித்தது அரசாங்கம். சுற்றிலும் கம்பிவேலி, கம்பெனி ஆட்களே வார்டர்கள், வேலை அதே கரி வெட்டுவது. கட்டடத்தில் வேறு எதையும் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதைக் கட்டியவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் 'மைன்' (சுரங்கம்) என்ற அனிமேஷன் படத்தை (1991) பாருங்கள். முதலாளி படுக்கையில் இருந்தபடியே காபி பிளஞ்சரை (காபித் தூளை அழுத்தி வடிக்கும் தண்டு) அழுத்துகிறார். அது கட்டிலைத் துளைத்துக்கொண்டு சுரங்கம்வரை இறங்குகிறது. கென்ட்ரிட்ஜ் மரக்கரியால் வரைந்து, அழித்து, அதே தாளில் மறுபடி வரைவார். அழித்த கோட்டின் தடம் தெரிந்துகொண்டே இருக்கும். யார் படுக்கைக்குக் கீழே யார் என்று ஒரே குறுக்குவெட்டில் காட்டிவிடுகிறார். சோல்ஃபெராயினில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

நம் பக்கம் வேண்டியதும் அப்படி ஒரு வரைபடம். சுரங்கத்துக்குப் போன குடும்பங்களின் பெரியவர்கள் லேடிஸ்மித்தில் இருந்தால் கேட்டு வரைந்து அனுப்புங்கள். அளவு சரியாக வராவிட்டால் பரவாயில்லை. ஓர் அறையில் எத்தனை பேர், தண்ணீர்க் குழாய் எங்கே, மேனேஜர் வீட்டிலிருந்து பார்த்தால் காம்பவுண்டு வாசல் தெரிந்ததா என்பது மட்டும் வேண்டும்.