வானத்தில் கந்தகம் தூவப் போகிறார்களாம், நான் எதற்கு லைட்டை அணைக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 54 வயது, மதுரையில் இருக்கிறோம். மகன் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் இரண்டாவது ஏ.சி. வந்தது, இப்போது மாடி அறைக்கு மூன்றாவதும் வேண்டும் என்கிறான். 18-ல் வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். லைட்டை அணை, பக்கத்துத் தெருவுக்கு வண்டி எதற்கு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். போன வாரம், "அம்மா, நீங்க லைட்டை அணைச்சு உலகம் குளிர்ந்துடாது. விஞ்ஞானிங்க வானத்துல கந்தகத்தைத் தூவி வெயிலையே குறைக்கப் போறாங்க, அதுதான் தீர்வு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் சொல்வது நிஜமா? நான் செய்ததெல்லாம் வீணா? – பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது ஒன்றரை கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டை ஆக்சைடு மேகங்களுக்கும் மேலே ஏறி, நுண்ணிய துளிகளாக மாறி, உலகம் முழுக்க மெல்லிய திரை மாதிரிப் பரவியது. அது வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பியதில், அடுத்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பம் கிட்டத்தட்ட அரை டிகிரி இறங்கியது. எரிமலை செய்ததை விமானம் வைத்து நாமே வருடா வருடம் செய்தால் என்ன என்பதுதான் யோசனை. ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பால் க்ரூட்ஸன் 2006-ல் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார், அதுவும் ஆசைப்பட்டு இல்லை, நாடுகள் புகையைக் குறைக்கிற வழியாகவே தெரியவில்லையே என்ற ஆற்றாமையில்.

ஆனால் தம்பி பாதியோடு நிறுத்திவிட்டார். பினாடுபோ வெடித்த அடுத்த ஒரு வருடத்தில் உலகம் முழுக்க நிலத்தில் பெய்கிற மழையும் ஆறுகளில் ஓடுகிற தண்ணீரும் நன்றாகவே குறைந்தன. வெயிலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால்தான் கடல் காற்று ஈரத்தோடு உள்ளே வந்து நமக்குப் பருவமழை பெய்கிறது, வெயிலை மங்கவைத்தால் அந்த இழுவையும் தளர்ந்துபோகலாம். மதுரைக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெய்து பெரியாற்றில் தண்ணீர் வந்தால்தானே வைகை அணைக்குத் தண்ணீர்? ஏ.சி. அறை குளிர்ந்து, அணை வறண்டால் யாருக்கு என்ன லாபம்?

இன்னொன்று எனக்கு இதைவிடப் பயம். கந்தகத் துளிகள் ஒன்றிரண்டு வருடத்தில் கீழே இறங்கிவிடும், கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கும். அதனால் தூவ ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே முடியாது. போர், பணமுடை, ஆட்சி மாற்றம் என்று ஏதோ காரணத்தால் ஒருநாள் நிறுத்தினால், அதுவரை மறைந்திருந்த சூடு முழுக்கச் சில வருடங்களுக்குள் தலையில் இறங்கும். கடல் அமிலமாகிக்கொண்டே போவதை இந்தத் திரை தடுக்கவும் செய்யாது. அப்புறம், ரிமோட் யார் கையில் இருக்கும்? 18-ஆ 26-ஆ என்று உங்கள் வீட்டிலேயே ஒத்துப்போக முடியவில்லை, கிட்டத்தட்ட இருநூறு நாடுகள் எப்படி ஒத்துப்போகும்? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2021-ல் ஸ்வீடனில் ஒரு பலூனைப் பறக்கவிட்டுக் கருவிகளைச் சோதிக்க நினைத்தார்கள், எதையும் தூவுகிற திட்டம்கூட அப்போது இல்லை. அதற்கே அங்குள்ள சாமி பழங்குடி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து அதை நிறுத்தவைத்தார்கள், 2024-ல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

நம் நாட்டுக்காரர்களும் வேறொரு வழியை முயன்று பார்த்திருக்கிறார்கள். 2009-ல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து, அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புச் சத்தைக் கரைத்துவிட்டன. இரும்பு கிடைத்தால் பாசி பெருகும், பாசி கரியமில வாயுவை உறிஞ்சும், செத்ததும் அதைச் சுமந்துகொண்டு ஆழத்துக்குப் போய்விடும் என்பது கணக்கு. பாசி பெருகத்தான் செய்தது. ஆனால் சில பாசிகள் ஓடு கட்டிக்கொள்ளத் தேவையான சிலிக்கா அந்தத் தண்ணீரில் குறைவு, அதனால் ஓடுள்ள பாசி வளராமல் மெல்லிய பாசிதான் வளர்ந்தது, அதைச் சின்னச் சின்னக் கடல் உயிரினங்கள் மேய்ந்து தீர்த்துவிட்டன. கீழே போனது சொற்பம். ஐஸ்லாந்தில் காற்றிலிருந்தே கரியமில வாயுவை உறிஞ்சுகிற மேமத் என்ற ஆலை 2024-ல் ஓட ஆரம்பித்தது, முழுத் திறனில் ஓடினால் வருடத்துக்கு 36,000 டன். உலகம் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயுவை எரித்து வருடத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியே விடுகிறது. வகுத்துப் பாருங்கள், அந்த ஆலையின் ஒரு வருட உழைப்பு நமக்கு அரை நிமிடக் கணக்கு. இந்த ஆய்வெல்லாம் நடக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை நம்பி இன்றைக்கு அஜாக்கிரதையாக இருப்பதுதான் தப்பு.

சரி, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சண்டை பிடிக்கிற இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 9 வாட் எல்.இ.டி. பல்பு 150 மணி நேரத்துக்கு மேல் எரிந்தால்தான் ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சில் ஒரு மணி நேரம் ஓடுகிற கரண்ட் ஆகும். லைட்டுக்காகத் தினமும் கத்துவதை விட்டுவிடுங்கள். அந்த 18-ஐப் பிடியுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 25-ல் வைத்து மேலே ஃபேனை ஓடவிட்டால் போர்வையும் வேண்டாம், கரண்ட் பில்லும் இறங்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு இடம் கேஸ். எங்கள் வீட்டு ஏ.சி.க்கு இரண்டு கோடை தொடர்ந்து கேஸ் ஏற்றினோம், வந்தவர் ஏற்றிவிட்டுக் காசு வாங்கிப் போய்விடுவார், மறுவருடம் மறுபடி குளிராது. மூன்றாம் முறை வேறொரு மெக்கானிக் வந்தார், வயதானவர். சோப்பை நுரைத்து, அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாய் சேருகிற இடத்தில் தடவிவிட்டு, "இங்க பாருங்க" என்றார். நட்டின் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி ஊதி ஊதி உடைந்துகொண்டிருந்தது. இரண்டு வருட கேஸும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. உங்கள் ஏ.சி.யில் இருப்பது ஆர்-410ஏ வகை கேஸ் என்றால், ஒரு கிலோ கசிந்தாலே பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயு 2,000 கிலோவுக்குச் சமம், இந்தியாவில் ஒரு ஆள் சராசரியாக ஒரு வருடத்தில் வெளியிடுகிற அளவு. ஆர்-32 வகை என்றால் சுமார் 675 கிலோ. ஏ.சி. கேஸ் தீர்ந்துபோகிற பொருளே இல்லை. "ஏத்தணும்" என்றால் எங்கேயோ கசிகிறது, முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள்.

இதே கேஸ் கதையில் உங்கள் மகனின் "ஒருத்தர் செஞ்சு என்ன ஆகும்" என்பதற்கும் பதில் இருக்கிறது. ஓசோனைத் தின்ற பழைய கேஸ்களை வீட்டுக்கு வீடு கெஞ்சி நிறுத்தவில்லை, வானத்தில் ஓசோனைத் தூவியும் சரிசெய்யவில்லை. 1987-ல் மான்ட்ரியலில் நாடுகள் கையெழுத்திட்டன, கம்பெனிகள் மாற வேண்டியிருந்தது, மாறின. இப்போதைய கேஸ்களைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் ஒப்புக்கொண்டார்கள், 2021-ல் இந்தியாவும் சேர்ந்தது. தனியாளாக நீங்களும் மகனும் செய்வது சின்னதுதான், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் பஸ்ஸில் போகிறவர்கள் இருந்தால்தானே கூடுதல் பஸ் கேட்க ஆள் இருக்கும்? அதனால் வீண் என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஏ.சி. விஷயத்தில் உடனே வேண்டாம் என்று நிற்காதீர்கள். மதுரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே தூங்குவது நிஜமாகவே கொடுமை, ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனல் கக்கும். அதனால் முதலில் தளத்தைக் கழுவி, காயவிட்டு, கெட்டியாகச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பெயின்டோ இரண்டு பூச்சு அடியுங்கள். மாசியிலேயே முடித்துவிடுங்கள், சித்திரையில் மேலே நிற்க முடியாது. பிரஷ்ஷை மகன் கையிலேயே கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அதற்குப் பிறகும் அறை தாங்கவில்லை என்றால் ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒன்றை வாங்கட்டும், மாட்டுகிற அன்றைக்கே குழாய் இணைப்பில் சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.