மெட்டாலிகாவுக்கு வயசாயிட்டா? நெல்லை ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' ஆல்பம் 2023 ஏப்ரல் 14 அன்று வந்தது. பாளையங்கோட்டையில் என்னிடம் கிதார் படிக்க வருகிறவர்கள் அன்றிலிருந்தே இரண்டு கட்சி: பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள். சண்டையைக் கேள்வியாக எழுதித் தரச் சொன்னேன். கெட்ட வார்த்தை இல்லாதவற்றுக்கு மட்டும் பதில்.

அண்ணாச்சி, 77 நிமிஷம்! பாதியிலயே தூக்கம் வந்துட்டு. எனக்கு மட்டும்தானா? (பேட்டை)

உமக்கு மட்டும் இல்லை, பாதிப் பேருக்கு இதே குறைதான். 1986-ல் வந்த அவர்களுடைய 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் எட்டே பாட்டு, 55 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்பி தட்டில் ஒரு பக்கம் அரை மணி நேரத்தை நெருங்கினாலே ஒலி மெலியும், அதனால் வெட்டித்தான் ஆக வேண்டும். சிடி வந்தபின் 80 நிமிடம் வரை இடம் கிடைத்தது, கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

ஆனால் நீளம் மட்டுமே குற்றம் இல்லை. நம்ம ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கிறது, யாராவது எழுந்து போகிறோமா? கதை நகர்கிறது, அதனால் உட்கார்ந்திருக்கிறோம். 'மாஸ்டர்' தலைப்புப் பாட்டும் எட்டரை நிமிடம்தான். நடுவில் வேகம் இறங்கும், கிதார் மெல்லப் பேசும், அப்புறம் திரும்ப ஏறும். இந்த ஆல்பத்தில் பல பாட்டுகள் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுகின்றன. நாலு தடவை போதும் என்கிற ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) எட்டு தடவை வருகிறது. 50 நிமிடமாக வெட்டியிருந்தால், 1991-ல் 'மெட்டாலிகா' என்ற பெயரிலேயே வந்த கறுப்பு அட்டை ஆல்பத்துக்குப் பிறகு வந்ததில் இதுதான் சிறந்தது என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

எனக்குப் பிடிச்சதே கடைசிப் பாட்டு 'இனமொராட்டா'தான். அது 11 நிமிஷம் ஆச்சே? (அம்பாசமுத்திரம்)

சரியான காதும்மா உனக்கு. அவர்கள் சொந்தமாக எழுதியதிலேயே நீளமான பாட்டு அது. நடுவில் எல்லாரும் ஒதுங்கி, ட்ருஹியோவின் பாஸ் கிதார் மட்டும் முன்னால் வருகிறது பார், அந்த இடத்துக்காகவே காத்திருக்கலாம்.

கிதார் வாசிக்கிற கிர்க் ஹாமெட், சத்தத்தை 'வா-வா'ன்னு வளைக்கிற 'வா' பெடலை மிதிச்சே ஒப்பேத்துதாரு. இதுக்கு என்ன சொல்லுதீய? (மேலப்பாளையம்)

பாதி உண்மை. சோலோவை (தனி கிதார் வாசிப்பை) முன்கூட்டிச் செதுக்கி வைக்காமல் அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பது அவரே விரும்பி எடுத்த முடிவு. சில இடத்தில் அது உயிரோட்டமாக இருக்கிறது, சில இடத்தில் விரல் பழகிய வழியிலேயே போகிறது. வாயால் பாடிக்காட்டக்கூடிய சோலோ இதில் குறைவுதான்.

வரி எல்லாம் ஒரே புலம்பல்னு தம்பி சொல்லுதான். தலைப்புக்கு என்னதான் அர்த்தம்? (வள்ளியூர்)

வருஷத்துக்கு நாலு பருவம், 18 வருஷத்துக்கு 72. ஒரு மனிதனை உருவாக்குகிற முதல் 18 ஆண்டுகள் என்று பொருள். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் பெற்றோர் மருத்துவத்தை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவருக்கு 16 வயதிருக்கும்போது அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். 2019-ல் ஹெட்ஃபீல்ட் போதைப் பழக்கத்துக்கான மறுவாழ்வு சிகிச்சைக்கு மறுபடி போனதால் இசைப்பயணத்தையே தள்ளிவைத்தார்கள். அறுபதை நெருங்குகிற மனுஷர் அந்த 18 வருஷத்தைத் திரும்பிப் பார்த்து எழுதியதைப் புலம்பல் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. குரலும் இதில் நல்ல திடமாக இருக்கிறது.

'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தைவிட மோசமா இது? (டவுன்)

போம்யா! அந்த 2003 ஆல்பத்தில் கிதார் சோலோவே கிடையாது, ஸ்நேர் டிரம்முக்கு அடியில் சரசரக்கிற கம்பியையும் தளர்த்திவிட்டு அடித்தார்கள். அதோடு இதை ஒப்பிடவே கூடாது.

மெட்டாலிகாவே கேட்டதில்லை. இதுல எங்க தொடங்க? (களக்காடு)

மூன்றரை நிமிட 'லக்ஸ் ஈட்டர்னா'வில் தொடங்கும். பிடித்தால் 'ஷேடோஸ் ஃபாலோ', அப்புறம் நேரே 'இனமொராட்டா'. மற்றதெல்லாம் மெதுவாகக் கேட்கலாம். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு மட்டும் என்னிடம் சண்டைக்கு வராதீர், அதில் பாஸ் ஒன்றும் கேட்காது.