கோட்டுக்கு அங்கிட்டா, இங்கிட்டா?

கேள்வி: 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு அட்டை, மரச்சட்டம், பிளைவுட் இதையெல்லாம் அளந்து வெட்டச் சொல்லித்தருகிறேன். "கவனமா அளங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் அளவு தப்புகிறது. எப்படிச் சரிசெய்வது?

"கவனமா அளங்க" என்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்டுத் திருந்திய பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவர்கள் கவனமாகத்தான் அளக்கிறார்கள், தப்பு வேறு எங்கோ நடக்கிறது. எங்கே என்று வெட்டிய துண்டுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

மதுரை பசுமலைப் பக்கம் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறை வந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். முதல் வேலையாக ஆளுக்கொரு ரீப்பரை, அதாவது ஒல்லியான மரச்சட்டத்தைக் கொடுத்து 20 செ.மீ. துண்டு ஐந்து வெட்டச் சொல்வேன். வெட்டி முடித்ததும் அளந்துபார்க்க விடமாட்டேன். ஐந்தையும் சமமான மேசைமேல் ஒட்டி நிற்கவைத்து, உச்சியில் விரலை ஓட்டச் சொல்வேன். கண்ணுக்குத் தப்புகிற அரை மில்லிமீட்டர்கூட விரலில் தட்டும்.

ஐந்தும் ஒன்றுக்கொன்று சமம், ஆனால் எல்லாமே 4 மி.மீ. கூடுதல் என்றால் கையில் குறையே இல்லை, பூஜ்யத்தில்தான் குறை. பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேலில் 0 கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். ஸ்டீல் ஸ்கேலில் விளிம்பேதான் 0. ஸ்டீல் ஸ்கேலை வைப்பதுபோல பிளாஸ்டிக் ஸ்கேலின் நுனியைக் கட்டையின் ஓரத்தில் வைத்து அளந்தால் அந்த இடைவெளி முழுவதும் துண்டில் ஏறிவிடும். டேப்பில் இன்னொரு கூத்து. நுனியில் இருக்கிற கொக்கி லேசாக ஆடும். "அண்ணே, இது லூசா இருக்கு" என்று ஒருத்தன் சுத்தியலை எடுத்து, கொக்கியைப் பிடித்திருக்கிற ரிவெட் ஆணியை அடிக்கப் போவான். ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். கொக்கியின் கனம் எவ்வளவோ, அவ்வளவு ஆடும்படி வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள். கட்டையின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே வரும், அதன் உள்பக்கம் 0. அலமாரிக்குள்ளே முட்டவைத்து அளந்தால் உள்ளே போகும், அப்போது வெளிப்பக்கம் 0. இரண்டு விதத்திலும் அளவு சரியாக வருவதற்கான ஏற்பாடு அது. அடித்து இறுக்கினால் ஏதோ ஒன்றில் ஒரு மி.மீ. எப்போதும் பொய் சொல்லும்.

துண்டுகள் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போனால், வெட்டிய துண்டை அடுத்ததின்மேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் பென்சில் கோட்டின் கனம் சேர்ந்துகொண்டே போகும். முதல் துண்டில் "மாதிரி" என்று எழுதி, கடைசிவரை அதை மட்டும் வைத்துக் கோடு போடச் சொன்னால் தீர்ந்தது.

முதல் துண்டு சரி, மற்றவையெல்லாம் ஒரே மாதிரி 2 மி.மீ. குறைச்சல் என்றால் 20, 40, 60 என்று முதலிலேயே எல்லாக் கோட்டையும் போட்டுவிட்டு வெட்டியிருக்கிறார்கள். ரம்பம் தின்ற மரத்தூளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பிடிபடவே பிடிபடாத இடம் இதுதான். புதுமண்டபத்தில் கடை வைத்திருந்து, பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்காரர் ஒருவரின் மகள் எங்களிடம் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "ரம்பத்துக்கு எவ்வளவுண்ணே விடணும்?" என்று கேட்டாள். துணியில் தையலுக்கு விட்டு வெட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது தானாக வந்துவிட்டது. மற்றவர்களுக்கு நான் எட்டுக்கு நாலு பிளைவுட் கணக்கைக் கொடுப்பேன். எட்டடி நீளத்தில் இரண்டடிப் பலகை எத்தனை வரும்? "நாலு" என்பார்கள். வராது. நாலு துண்டாக்க மூன்று வெட்டு. மெஷின் பிளேடு ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. தின்றால் 9 மி.மீ. தூளாகப் போய்விடும். ஒன்று நாலையும் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கடைசிப் பலகை குட்டையாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இருக்கப்போகிற தப்பு: ஒன்று கூட, ஒன்று குறைய, ஒழுங்கே இல்லாமல். இது கோட்டில் நடக்கிறது. மொட்டைப் பென்சில் ஒரு மி.மீ. கனத்துக்குக் கோடு போடும். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது என்று பிள்ளைக்கே தெரியாது, ஒரு தடவை வலது, ஒரு தடவை இடது, ஒரு தடவை நடுவிலே. அதனால் எங்கள் பட்டறையில் கோடு போட்டவுடன் கழிவுப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டாக வேண்டும். ரம்பத்தை எடுத்தால் நான் கேட்கிற ஒரே கேள்வி, "கோட்டுக்கு அங்கிட்டா, இங்கிட்டா?" பதில் சொல்லாமல் ரம்பத்தை வைக்கக் கூடாது. வெட்டி முடிந்தபிறகும் பென்சில் கோடு நமக்கு வேண்டிய துண்டில் முழுசாகத் தெரிய வேண்டும். கை பழகியதும் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு கட்டர் நுனியால் கீறச் சொல்வேன். கீறலுக்குக் கனமே இல்லை, பிளைவுட்டின் மேல் தோலும் பிசிறாது.

துண்டு நிற்காமல் சாய்ந்தால், செங்கோணத்தில் கோடு போடுகிற L வடிவ மூலைமட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியா என்று பார்க்க, நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. விரிந்தால், விரிசலில் பாதிதான் மட்டத்தின் கோணல். கடையில் வாங்கும்போதே இதைச் செய்துபாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அப்புறம் அலகு. 5.5 அடி என்று எழுதிக் கொடுத்தால் 5 அடி 5 அங்குலம் என்று வெட்டிவிடுவார்கள். அது 5 அடி 6 அங்குலம். இந்தியாவில் மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது, ஆசாரி வாயில்தான் இன்னும் வரவில்லை. அவர் "ரெண்டே கால் இஞ்ச், ஒரு நூல் கம்மி" என்பார். அங்குலத்தில் எட்டில் ஒன்று நூல், 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. தொடக்கத்தில் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் மட்டும் எழுதவையுங்கள், செ.மீ.கூட வேண்டாம். புள்ளி இல்லாத முழு எண்ணில் தப்பு குறையும். நூல் கணக்கு பின்னால் போதும், ஆனால் சொல்லித்தராமல் விடாதீர்கள். வெளியே வேலைக்குப் போனால் அதுதான் பேச்சு. ஒரு வேலை முடிகிறவரை ஒரே டேப் என்பதும் கண்டிப்பு. பல டேப்புகளில் II என்று தரக் குறி இருக்கும். அந்தத் தரத்தில் 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை கூடவோ குறையவோ இருக்கலாம். ஒருத்தன் ஒரு டேப்பில் அளந்து, இன்னொருத்தி வேறு டேப்பில் வெட்டினால் சண்டை வரும், இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

எண்ணே இல்லாமல் அளக்கவும் கற்றுக்கொடுங்கள். பழைய வீட்டுச் சுவர் அலமாரிக்குத் தட்டு போடச் சொன்னால் தெரியும்: மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம், நடுவில் சுவர் புடைத்துக்கொண்டிருக்கும். டேப்பை உள்ளே மடக்கி அளப்பதற்குப் பதில் இரண்டு மெல்லிய குச்சிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, இரு சுவரிலும் முட்டும்வரை நீட்டி, சேர்கிற இடத்தில் கோடு போட்டால் போதும். அதை அப்படியே பலகைமேல் வைத்து வெட்டலாம். எண்ணை வாசிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

சில பெற்றோர் "இதெல்லாம் படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு?" என்பார்கள். நம் மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில்தான் காந்திநிகேதன் ஆசிரமம் இருக்கிறது, காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார். கைத்தொழில் வழியாகவே கணக்கைச் சொல்லித்தரலாம் என்பது காந்தியின் ஆதாரக் கல்வி. அந்த வாதத்தை நான் வளர்த்துவதில்லை, பிளைவுட் கணக்கைப் பெற்றோரிடமும் கேட்டுவிடுவேன். அவர்களும் நாலு என்றுதான் சொல்வார்கள்.

தொடங்க அதிகம் வேண்டாம்: 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஒரு மூலைமட்டம், பல் நெருக்கமான கைரம்பம், கட்டர், கட்டையை மேசையோடு பிடிக்க இரண்டு கிளாம்ப். மெஷின் ரம்பத்தை இந்த வயதில் கையில் கொடுக்காதீர்கள். கட்டரால் அட்டையை வெட்டும்போது ஸ்கேலை நமக்கு வேண்டிய பக்கத்தின்மேல் வைக்கச் சொல்லுங்கள். கத்தி வழுக்கினாலும் கழிவில்தான் போகும். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்ப்பார்கள். லேசாக நாலைந்து இழுப்பு போதும். கட்டர் பிளேடின் மொட்டையான நுனியை நீங்களே உடைத்துக் கொடுங்கள். மொட்டைக் கத்தியை அழுத்தும்போதுதான் அது கைக்குப் பாயும்.